முடியாத பிள்ளை என்ற சமாதானம்

கோவிட் காலத்தில் தமிழக அரசின் தினசரி அறிக்கையில் இறந்தவர்களை இணை நோய் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று பிரித்துச் சொல்வார்கள். முதல் வகை என்றால் படிப்பவருக்குக் கொஞ்சம் நிம்மதி. நமக்கு அப்படி ஒன்றும் இல்லையே என்று. குழந்தைகள் விஷயத்திலும் இதே கணக்குதான் ஓடுகிறது. ‘ஏற்கெனவே முடியாத பிள்ளை’ என்று சொல்லி ஒரு மரணத்தை மூடிவிடுகிறார்கள். எந்தப் பிள்ளைக்கு வைரஸ் காய்ச்சல் ஆபத்தாகும் என்பது முன்பே தெரிந்திருந்தது என்றால், தெரிந்து என்ன செய்தோம் என்பதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்காவில் ஃப்ளூவால் குழந்தை இறந்தால் 2004 முதல் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அதனால்தான் அங்கே கணக்காவது கிடைக்கிறது. 2009 பன்றிக் காய்ச்சலில் இறந்தவர்களில், உடல்நிலை விவரம் தெரிந்த குழந்தைகள் 336 பேர். அதில் 227 பேருக்கு முன்பே ஏதோ ஒரு நோய் இருந்தது. இதயம், ஆஸ்துமா என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த 227 பேரில் 146 பேருக்கு இருந்தது நரம்பு மண்டலக் கோளாறு: மூளை முடக்குவாதம், வலிப்பு, அறிவுத்திறன் குறைபாடு போன்றவை. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் காரணம் விளங்கும். இருமலில் வேகம் இருக்காது. சளி தொண்டையிலேயே கிடந்து கரகரக்கும். தலையைத் தாங்கிப் பிடித்துக் கஞ்சி ஊட்டினாலும் கொஞ்சம் புரையேறி மூச்சுக்குழாயில் இறங்கும். முதுகெலும்பு வளைந்திருந்தால் நுரையீரல் முழுசாக விரியாது. மற்ற பிள்ளைகள் இருமித் தள்ளிவிடும் சளி இங்கே நிமோனியாவாகிறது. மூச்சு முட்டுகிறது என்று வாய்விட்டுச் சொல்லவும் பலரால் முடியாது. சாதாரண நாளிலேயே மூச்சு அப்படித்தான் என்பதால் வித்தியாசம் பெற்றோருக்கும் தாமதமாகத்தான் தெரியும்.

இந்தப் பிள்ளைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும் என்பதற்கு மறுப்பு உண்டு. 2010 முதல் 2016 வரை அமெரிக்காவில் பதிவான 675 ஃப்ளூ மரணங்களில் ஏறக்குறைய பாதிப் பேர் எந்த நோயும் இல்லாத குழந்தைகள். பிறகு நோயுள்ளவர்களைத் தனியாகப் பார்ப்பானேன்? ஒரு பள்ளியில் எத்தனை பேருக்கு வலிப்போ இதயக் குறைபாடோ இருக்கும்? ஆஸ்துமாவைச் சேர்த்தாலும் சிறுபான்மைதான். அந்தச் சின்னக் கூட்டத்திலிருந்து மரணத்தில் பாதி வருகிறது என்றால் தலைக்குத் தலை ஆபத்து எவ்வளவு அதிகம்! அடுத்த மறுப்பு, ஃப்ளூ தடுப்பூசி இவர்களிடம் சரியாக வேலை செய்யாது என்பது. அதில் உண்மை இருக்கிறது. 2010-14 ஆண்டுகளை ஆராய்ந்தபோது, ஆரோக்கியமான குழந்தைகளின் மரண ஆபத்தை ஊசி 65 சதவீதம் குறைத்தது. நோயுள்ளவர்களுக்கு 51 சதவீதம்தான். ஆனாலும் ஆபத்து பல மடங்கு உள்ள இடத்தில் அதைப் பாதியாக்கினால், அதே எண்ணிக்கை ஊசியில் காப்பாற்றப்படும் உயிர்கள் அதிகம். ஊசி போட்டால் காய்ச்சல் வரும், காய்ச்சலோடு பிட்ஸ் வரும் என்று தாய்மார் பயப்படுவதை நான் கேலி செய்ய மாட்டேன். ஊசியாகப் போடும் ஃப்ளூ மருந்தில் உயிருள்ள வைரஸ் கிடையாது. ஒருநாள் உடம்பு லேசாகச் சுடலாம், ஃப்ளூ வராது. நிஜ ஃப்ளூவில் ஏறும் சூடு அதைவிடக் கடுமையானது. பிட்ஸுக்குப் பயப்பட வேண்டியது அங்கேதான்.

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 6 மாதம் முதல் 5 வயது வரை எல்லாருக்கும், அதற்கு மேல் ஆபத்து அதிகமுள்ள பிள்ளைகளுக்கும் ஆண்டுதோறும் இந்த ஊசியைப் பரிந்துரைக்கிறது. அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் அது இல்லை. தனியாரிடம் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். மாத்திரை, பிசியோதெரபி, ஆட்டோ என்று கரைந்துபோகும் குடும்பம் இதைத் தள்ளித்தான் போடும். எல்லாக் குழந்தைக்கும் கொடுக்கப் பணமில்லை என்று அரசு சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். இவர்களுக்கும் முடியாது என்பதை ஒப்ப முடியாது. இவர்களைத் தேடி அலைய வேண்டியதுகூட இல்லை. 2013ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டம் அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் பரிசோதித்து, குறைபாடுள்ள பிள்ளைகளை மாவட்ட மையங்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அங்கே தெரபிக்கு வரும் நாளிலேயே ஊசியைப் போட்டுவிடலாம். 9 வயதுக்குள் முதல் தடவை என்றால் 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி. சென்னையில் ஃப்ளூ வடகிழக்குப் பருவமழையோடு ஏறுவதால் இரண்டையும் செப்டம்பருக்குள் முடிக்க வேண்டும். தூக்கிக்கொண்டு வரும் அம்மாவுக்கும் அப்போதே ஒன்று போட்டுவிடுவது நல்லது. வீட்டைவிட்டு வெளியே போகாத பிள்ளைக்கு வைரஸைக் கொண்டுவருவது வீட்டில் இருப்பவர்கள்தான்.