காற்றைச் சாய்த்து ஊற்றலாமா?



சமையல் எரிவாயு சிலிண்டரைத் தோளில் சுமந்து, அடுக்குமாடிக் குடியிருப்பின் படிகளில் மூச்சுவாங்க ஏறுகிறவரை வியாசர்பாடியில் அன்றாடம் காண்கிறோம். வாயு 14.2 கிலோ, இரும்புக் கலத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 30 கிலோ. அவர் அதை இறக்கிவைக்கும் அறை நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியாக அமைந்ததாயின், அதில் நிறைந்துள்ள காற்றின் எடை அச்சிலிண்டரினும் சற்று மிகுதி என்றால் நம்புவீர்களா? 28 கன மீட்டர் இடம். கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிலோ. பெருக்கிப் பாருங்கள்.

காற்றுக்கு எடை உண்டு. வாயுவுக்கு வாயு அவ்வெடை வேறுபடும். இதனைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, உயரமான பாத்திரமொன்றில் இரண்டு தேக்கரண்டி ஆப்பசோடாவை இட்டு, அரைத் தம்ளர் வினிகரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். (எலுமிச்சைச் சாறும் உதவும், விலைதான் கையைக் கடிக்கும்.) நுரை பொங்கி அடங்கட்டும். கண்ணுக்குப் புலப்படாத கரியமில வாயு இப்போது பாத்திரத்தினுள் தங்கியிருக்கிறது. கண்ணாடிக் குவளையொன்றினுள் குட்டை மெழுகுவத்தியை ஏற்றி வைத்து, தண்ணீர் வார்ப்பதுபோல் பாத்திரத்தை அதன்மேல் மெல்லச் சாயுங்கள், திரவம் சிந்தலாகாது. ஒரு துளியும் விழாமலே சுடர் சுருங்கி அணையும். வினிகர் தீரும்வரை பிள்ளைகள் உங்களை விடமாட்டார்கள்.

கரியமில வாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. ஆதலால் நீரைப்போல் வழிந்து பள்ளத்தை நாடுகிறது. 1986 ஆகஸ்டு 21 இரவில் ஆப்பிரிக்காவின் காமரூன் நாட்டில் நியோஸ் ஏரியிலிருந்து பீறிட்ட இதே வாயு, பள்ளத்தாக்குகளில் இறங்கி 1,700-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்தது.

நம் அடுக்களைக்கு வருவோம். சமையல் எரிவாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமுடையது. கசிந்தால் மேலெழும்பிச் சாளரம் வழியே போய்விடும் என்று எண்ணுவது பெரும் பிழை. மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் நீர் தேங்கக் கண்டோமே, அவ்வாறே அது தரையில் பரவிக் கட்டிலின் அடியிலும் மூலைமுடுக்கிலும் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றப் போதுமானது. நாற்றம் வந்தவுடன் விளக்குச் சுவிட்சைத் தட்டுவதே பலர் செய்யும் முதற்காரியம். அதில் எழும் சிறு பொறியே வினையாகும். சுவிட்சைப் போடவும் வேண்டா, அணைக்கவும் வேண்டா. அடுப்பையும் திருப்படத்தின் முன்னுள்ள சுடரையும் அணைத்து, ரெகுலேட்டரை மூடி, சாளரத்தோடு நில்லாமல் கதவையும் அகலத் திறந்துவிடுங்கள். அனைவரும் வெளியே வந்த பின்னர் 1906 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அறிவியுங்கள்.

எல்லா வாயுவும் இப்படித்தானா என்று கேட்பீர்கள். 2023 டிசம்பர் 26 இரவில் எண்ணூர் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து கசிந்து, மக்களை வீடுகளைவிட்டு ஓடச் செய்த அமோனியா, காற்றைவிட இலேசானது. ஆயினும் குளிர்ந்து ஈரத்தோடு கலக்கையில் அதுவும் தரையையொட்டி ஊரக்கூடும். நல்லவேளையாக, அது நீரில் மிக எளிதில் கரைவது. எனவே நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிச் செல்லவேண்டும்.