ரெண்டு டீக்கடையும் நாலு நாடுகளும்!

ஒரு சின்ன கற்பனை. காலேஜ் வாசலில் எதிரெதிரே ரெண்டு டீக்கடை. முதல் கடைக்காரருக்கு ஒரு டீ போட எட்டு ரூபாய் செலவு, பத்து ரூபாய்க்கு விற்கிறார். எதிர்க்கடைக்காரருக்குச் செலவு பன்னிரண்டு ரூபாய். ஆனால் விற்பது ஏழு ரூபாய்க்கு! எப்படி? தினமும் சாயந்திரம் அவரோட பணக்கார மாமா வந்து நஷ்டத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஒரே மாசத்தில் முதல் கடை ஈயாடுகிறது. அப்போ அந்த மாமா வந்து அட்வைஸ் பண்றார்: “தம்பி, உனக்கு டீ பிசினஸ் சரிப்படாது. வேற ஏதாவது பாரேன்!”

கடுப்பாகுதுல்ல? டீக்குப் பதிலாகப் பருத்தி என்று வைத்துக்கொண்டால், இது 2003-ல் உலக வர்த்தக அமைப்பில் நிஜமாகவே நடந்த மேட்டர்.

பஞ்சு அவங்களோடது, விலை யாரோடது?

பெனின், புர்கினா ஃபாஸோ, மாலி, சாட். ஆப்பிரிக்காவின் இந்த நாலு ஏழை நாடுகளையும் ‘காட்டன் ஃபோர்’ என்பார்கள். மழையை நம்பிய சின்னச் சின்ன வயல்கள், கையால் பறிக்கிற பஞ்சு. உலகத்திலேயே குறைந்த செலவில் பருத்தி விளைவிப்பவர்களில் இவர்களும் உண்டு. எகனாமிக்ஸ் பேப்பரில் ‘ஒப்பீட்டு அனுகூலம்’னு பக்கம் பக்கமாக எழுதுவோமே, அதற்குப் பக்கா உதாரணம்.

எதிர்க்கடை, அமெரிக்கா. அங்கே அப்போது சுமார் 25,000 பருத்தி விவசாயிகள். 2001-02 பருவத்தில் அவர்களுக்கு அரசு கொடுத்த மானியம் 390 கோடி டாலர் என்று கணக்கு போட்டது ஆக்ஸ்ஃபாம் அமைப்பு. புர்கினா ஃபாஸோவின் அப்போதைய மொத்த உள்நாட்டு உற்பத்தியே அதைவிடக் குறைவு!

இதனால் என்ன ஆகிறது? பொதுவாக விலை சரிந்தால் விவசாயி அடுத்த வருஷம் பருத்தியைக் குறைத்து வேறு பயிருக்குப் போவார். சரக்கு குறையும், விலை தானாக ஏறும். ஆனால் விலை எவ்வளவு விழுந்தாலும் வித்தியாசத்தை அரசு கொடுத்துவிடும் என்றால், எதற்குக் குறைக்கணும்? விளைச்சல் குவிகிறது, விலை இன்னும் படுக்கிறது. 2001-02-ல் உலகச் சந்தையில் ஒரு பவுண்டு பஞ்சு சுமார் 42 சென்டுக்கு இறங்கியது. அப்போது உலகின் மிகப் பெரிய பருத்தி ஏற்றுமதியாளரும் அமெரிக்காதான். மாலியில் ஒருவர் நோட்டு வாங்கப் பிள்ளைக்குக் காசு கொடுக்க முடியுமா என்பதை, அவர் பார்த்தே இராத ஒரு நாட்டின் பட்ஜெட் தீர்மானிக்கிறது.

“வேற தொழில் பாருங்க!”

2001 நவம்பரில் கத்தார் தலைநகர் தோஹாவில் புதிய பேச்சுவார்த்தை தொடங்கியபோது, அதற்கு வைத்த பெயரிலேயே ‘வளர்ச்சி’ இருந்தது. சரி, கேட்டுப் பார்ப்போம் என்று நாலு நாடுகளும் களத்தில் இறங்கின. 2003 ஜூனில் புர்கினா ஃபாஸோ அதிபர் பிளேஸ் கொம்பாவோரே ஜெனிவாவுக்கே நேரில் போய்ப் பேசினார். கோரிக்கை சிம்பிள். பருத்தி மானியத்தைப் படிப்படியாக நிறுத்துங்கள், அதுவரை எங்கள் நஷ்டத்துக்கு ஈடு கொடுங்கள்.

அந்த செப்டம்பரில் மெக்ஸிகோவின் கான்கூனில் மாநாடு. வரைவு அறிக்கையைப் பார்த்தால், மானியத்தை நிறுத்துவது பற்றி உறுதியாக ஒன்றுமில்லை. பருத்தியை நம்பிய நாடுகள் வேறு தொழில்களுக்கு மாற உதவலாம் என்ற யோசனை மட்டும் இருந்தது. மாமாவின் அதே அட்வைஸ்! முதலீடு, போட்டிக் கொள்கை போன்ற வேறு விவகாரங்களில் முட்டிக்கொண்டு மாநாடே தோல்வியில் முடிந்தது. பருத்திக் கோரிக்கையும் அந்தரத்தில் தொங்கியது.

கேஸ் போட்டா ஜெயிக்கலாமே?

நல்ல கேள்வி. பிரேசில் போட்டது, 2002-ல். 2005-ல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தது. 2009-ல் பதிலடி கொடுக்கவும் அனுமதி கிடைத்தது. அமெரிக்கப் பொருட்களுக்குக் கூடுதல் வரி, காப்புரிமை விஷயத்திலும் கை வைப்போம் என்று பிரேசில் கிளம்பியதும் அமெரிக்கா இறங்கி வந்தது. 2014-ல் 30 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

அதையே பெனின் செய்திருந்தால்? அமெரிக்கப் பொருளுக்குப் பெனின் வரி போட்டால் அமெரிக்காவுக்கு வலிக்கவா போகிறது? விலை ஏறிக் கஷ்டப்படப்போவது பெனின் மக்கள்தான். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் பாஸ். ஆனால் தீர்ப்பு கையில் இருந்தாலும் அதை வசூல் பண்ண உடம்பில் தெம்பு வேணும். போதாக்குறைக்கு, புதிய நீதிபதிகள் நியமனத்தை அமெரிக்கா தடுத்ததால் 2019 டிசம்பரில் இருந்து மேல்முறையீட்டு அமைப்பே முடங்கிவிட்டது.

ஒன்றுமே மாறவில்லை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்கப் பருத்தியை வாங்கும் மில்களுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் கொடுத்த தனி மானியம் 2006-ல் ரத்தானது. 2015 நைரோபி மாநாட்டில் விவசாய ஏற்றுமதி மானியத்துக்கே முடிவு கட்ட ஒப்புக்கொண்டார்கள். ஆனால் விலையை அமுக்கும் உள்நாட்டு மானியம்? 2024 அபுதாபி மாநாட்டிலும் தீர்வு வரவில்லை.

நம்ம கதையும் கொஞ்சம் சிக்கலானதுதான். பருத்திக்கு இந்தியா தரும் குறைந்தபட்ச ஆதரவு விலை வரம்பை மீறுகிறது என்று 2018-ல் அமெரிக்கா புகார் கிளப்பியது. 1986-88 விலையை அடிப்படையாக வைத்து இன்றைக்குக் கணக்குப் போடுவது என்ன நியாயம் என்பது நம் தரப்பு வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நம் விவசாயிக்குக் கொடுக்கும் ஆதரவு இன்னொரு ஏழை விவசாயியைப் பாதிக்கக்கூடாது என்று யோசிப்பதிலும் அதே நியாயம் இருக்கிறது.

பெனின் இப்போது இன்னொரு வழியில் முயற்சி பண்ணுகிறது. பஞ்சாகவே கப்பல் ஏற்றாமல், குளோ-ஜிபே தொழிற்பேட்டையில் துணியாக்கி ஆடையாகவும் தைக்கிறார்கள். டீ விலையில் மோதாமல் பக்கத்திலேயே டிபனும் போடுகிற மாதிரி! புத்திசாலித்தனம்தான். ஆனா அதுக்காக மாமா பண்ணினது சரின்னு ஆயிடுமா?

இந்த வாரம் கேன்டீனில் இதை வைத்து ஒரு சண்டை போடுங்களேன். டீ பில்லை மட்டும் பாதிப் பாதி பிரிச்சுக்கோங்க!