அங்கே போயிருச்சு, இங்கே வரலை

நஞ்சில்லாமல் விளைய வைப்பதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். விளைந்ததை விற்ற காசு ஒழுங்காகக் கைக்கு வந்து சேர்வதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கமிருந்து அரிசி, செக்கு எண்ணெய், சிறுதானியம் என்று மதுரை நகரத்து வீடுகளுக்கு நேரடியாகக் கொடுக்கும் உழவர்கள் இன்று இருக்கிறார்கள். காசு பெரும்பாலும் போன் வழியாகத்தான் வருகிறது.

1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தபோது ஒரு கையில் காய், மறு கையில் காசு. தகராறு வந்தால் எடையில்தான் வரும். இப்போதைய தகராறு வேறு மாதிரி. "அனுப்பிட்டேண்ணே, என் கணக்குல கழிஞ்சிருச்சு" என்கிறார் வாங்கியவர். "எனக்கு வரலையேம்மா" என்கிறார் விற்றவர். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. காசு நடுவில் எங்கோ வங்கியில் நிற்கிறது. ஆனால் மனம் கசந்து போவது இவர்கள் இரண்டு பேருக்கும். நேரடி விற்பனையே நம்பிக்கையில் நிற்பது. 800 ரூபாய்க்காக அந்த நம்பிக்கை போனால் அதை எந்த வங்கியும் திருப்பித் தராது.

இந்த நட்டம் உழவர் தலையிலும் விழக்கூடாது, வாங்குபவர் தலையிலும் விழக்கூடாது என்பதே என் கருத்து. காசு எங்கே நிற்கிறதோ அங்கே கேட்க வேண்டும். அதற்கு விதி இருக்கிறது, நாம்தான் கேட்பதில்லை.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை விட்டது. யு.பி.ஐ., ஐ.எம்.பி.எஸ். வழியாக ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பி, கழிந்த பணம் போய்ச் சேராவிட்டால், மறுநாளுக்குள் அது அனுப்பியவர் கணக்குக்குத் திரும்பிவிட வேண்டும். கடைக் கணக்குக்கு அனுப்பியதாக இருந்தால் 5 நாள். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. அதுவும் யாரும் மனுப் போடாமலே கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நெப்ட் வழி என்றால், வரவு வைக்க முடியாத பணத்தை 2 மணி நேரத்துக்குள் திருப்பிவிட வேண்டும். தாமதித்தால் ரெப்போ வட்டியோடு 2 சதவீதம் கூட்டித் தர வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். புகார் கொடுக்க வேண்டியவர் பணம் அனுப்பியவர், ஏனென்றால் கழிந்தது அவர் கணக்கில். ஆகவே அவரோடு சண்டை போட்டால் நம் காசு வராது. யு.பி.ஐ. என்றால் 12 இலக்கக் குறிப்பு எண் ஒன்று இருக்கும். அதை வாங்கி நோட்டில் தேதியோடு எழுதுங்கள். அவர் வங்கியில் புகார் வைக்க உதவுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவு கிடையாது. விவரம் கேட்க 14448.

பொருளைக் கொடுப்பதா, நிறுத்துவதா? கீரையும் பூவும் காத்திருக்காது, தெரிந்தவர் என்றால் கொடுத்துவிடுங்கள். அரிசி மூட்டை ஒரு நாள் காத்திருக்கும். புதிய ஆள், பெரிய தொகை என்றால் வரவு வந்த பிறகு ஏற்றுங்கள். போனில் காட்டும் படத்தை வரவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அதைப் போலியாகவும் செய்யலாம். நம் கணக்கில் ஏறியதே வரவு. 'பெண்டிங்' என்று காட்டும்போது "இன்னொரு தடவை போடுங்க" என்று சொல்லாதீர்கள். அப்படியே இரண்டு தடவை வந்துவிட்டால், அவர் கேட்கும் முன்னே அன்றைக்கே திருப்பிவிடுங்கள். இயற்கை உழவர் என்ற பெயருக்கு அதுவும் ஒரு சான்றிதழ்தான்.

நம் பக்கமும் சரிசெய்ய வேண்டியது உண்டு. பாண்டியன் கிராம வங்கியும் பல்லவன் கிராம வங்கியும் 2019 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாடு கிராம வங்கி ஆகிவிட்டன. சிண்டிகேட் வங்கி 2020இல் கனரா வங்கியோடு சேர்ந்தது, அதன் பழைய ஐ.எப்.எஸ்.சி. எண்கள் 2021 ஜூலை 1 முதல் செல்லாது. பழைய பாஸ்புக் நகலையே நெல் கொள்முதல் நிலையத்திலும் கடைக்காரரிடமும் கொடுத்துக்கொண்டிருந்தால் பணம் எப்படி வரும்? முழு ஆவணம் இல்லாமல் தொடங்கிய 'சிறு கணக்கு' என்றால் ஒரு நேரத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் இருக்கக்கூடாது, ஆண்டு வரவும் 1 லட்சம்தான். ஒரு அறுவடைக் காசே அதைத் தாண்டிவிடும். ஆவணங்களைக் கொடுத்து முழுக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள். கே.ஒய்.சி. பாக்கியையும் அறுவடைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

"இந்த வம்பே வேண்டாம், ரொக்கம் போதும்" என்பவர்களும் உண்டு. அதில் பாதி நியாயம் இருக்கிறது. 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுக்க யு.பி.ஐ. தடுமாறியபோது ரொக்கம்தான் கைகொடுத்தது. அதனால் கல்லாவை மூட வேண்டாம். ஆனால் தூரத்திலிருந்து வாங்குபவரை ரொக்கத்தோடு வரச் சொன்னால் அவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

தனி ஆளாக வங்கியில் போய் 100 ரூபாய் கேட்டால் ஏளனமாகத்தான் பார்ப்பார்கள். ஊர்க்குழுவாக, மாதம் ஒருமுறை, சிக்கிய தொகைகளை ஒரே தாளில் எழுதிக் கிளை மேலாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். உரத்துக்கும் விதைக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் நிற்கக் கற்றவர்கள் நாம். நமக்குச் சேர வேண்டிய காசைக் கேட்டு வாங்கவும் கற்றுக்கொள்வோம்.