சௌடிகெ மீட்டுவோரும் சுயாதீன இசைக்கலைஞர்களே

பெங்களூரின் சுயாதீன இசை வரலாற்றில் பால்புதுமையினப் பெண்ணொருவர் முன்னின்று நடத்திய குழு எது என்னும் வினா கருத்தரங்குகளில் எழும்போதெல்லாம், விடை தேடுவோர் ராக் இசையின் பக்கமே திரும்புகின்றனர். அதற்குக் காரணமும் உண்டு. 1996 முதல் இயங்கிவரும் ‘தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்’ இந்நகரத்துக் குழு. 2007 மார்ச்சில் அரண்மனைத் திடலில் ‘அயர்ன் மெய்டன்’ வாசித்ததை ஊர்த்திருவிழாவைப் போல நினைவுகூர்வோர் இங்கே இன்னும் இருக்கின்றனர். ஆயினும், அவ்வினாவுக்குக் கர்நாடகம் தரக்கூடிய வலுவான விடை மஞ்சம்மா ஜோகதியின் கலைவாழ்வு. அதனை ‘நாட்டார் கலை’ என்ற அடுக்கில் வைத்துவிட்டுச் சுயாதீன இசை பற்றித் தனியே பேசுவது ஆய்வுலகின் சோம்பலன்றி வேறில்லை.

பல்லாரி வட்டாரத்தில் பிறந்த மஞ்சம்மா, பதின்பருவத்தில் ஹுலிகெம்மா கோயிலில் அரைஞாண் அறுக்கப்பட்டு, பாவாடையும் வளையலும் அணிவிக்கப்பட்டுத் தெய்வத்துக்கு உரியவரானார். தெய்வம் ஏற்றதை வீடு ஏற்கவில்லை. நஞ்சருந்திப் பிழைத்தார், பிச்சையெடுத்தார், இட்லி விற்றார். தாவணகெரெயில் தந்தை பாட மகன் தலையில் குடம் தாங்கி ஆடியதைக் கண்டு, அவர்களிடமே ஜோகதி ஆட்டத்தைக் கற்றார். பின்னர்க் காளவ்வா ஜோகதியின் குழுவில் சேர்ந்து எல்லம்மாவின் கதையை ஊர் ஊராக ஆடினார். காளவ்வாவின் மறைவுக்குப் பின் குழு அவர் பொறுப்பில் வந்தது. 2010இல் மாநில அரசின் ராஜ்யோத்சவ விருது, 2019இல் கர்நாடக ஜானபத அகாதமியின் தலைமை, 2021இல் பத்மஸ்ரீ. அவ்வகாதமிக்குத் தலைமையேற்ற முதல் மாற்றுப்பாலினத்தவர் அவரே.

இசைத்தட்டு நிறுவனத்தின் துணையின்றி, சபாக்களின் அழைப்பின்றி, தன் பார்வையாளரைத் தானே தேடிச் சென்று, கிடைத்ததைக் குழுவினரோடு பகிர்ந்து வாழ்ந்த இசையைச் ‘சுயாதீனம்’ எனச் சொல்லாவிடில் அச்சொல்லுக்கு என்ன பொருள்? நடைமுறையில் அதன் பொருள் கிட்டாரும் ஆங்கில வரிகளும் என்றே ஆகியிருக்கிறது. தோல் போர்த்திய உருளையிலிருந்து ஒற்றை நரம்பை இழுத்துக் கட்டி மீட்டும் சௌடிகெ அப்பொருளுக்குள் அடங்குவதில்லை. டி.எம். கிருஷ்ணா ஜோகப்பாக்களோடு ஒரே மேடையில் பாடியபோதுகூட, கர்நாடக இசை தன் எல்லையை அகட்டிக்கொண்டதா என்பதே பெரிதும் பேசப்பட்டது. ஜோகப்பாக்களின் இசை என்ன செய்தது என்று கேட்டவர் சிலரே.

பெயரிடும் உரிமை யாருடையது என்பது இதனினும் சிக்கலானது. 1994இல் அமெரிக்காவின் ஒலிம்பியாவில் தோன்றிய ‘ஸ்லீட்டர் கின்னி’ குழுவின் இரு பெண்களுக்கிடையே இருந்த உறவை, ‘ஸ்பின்’ இதழ் அவர்களது இசைவின்றி அச்சிட்டது. தம் குடும்பத்தாரிடம் தாமே சொல்லும் வாய்ப்பைப் பறித்த செயல் அது. மஞ்சம்மாவின் உலகில் அறிவிப்பைக் கோயில் செய்கிறது. ‘ஜோகப்பா’ என்ற சொல்லின் ஈற்றில் இருப்பது ‘அப்பா’. அச்சொல்லால் சுட்டப்படுபவர் உடுத்துவதோ புடவை. தம்மை ‘ஜோகதி’ என்றும் ‘அம்மா’ என்றும் அவர் அழைத்துக்கொண்டது மரபுக்கு உள்ளிருந்தே செய்த தேர்வு. இதனைத் ‘திருநங்கை’ என்றோ ‘குயர்’ என்றோ பெயர்த்த மாத்திரத்தில் தெய்வம் காணாமல் போகிறது. பெயர்க்காமல் விட்டால் உரிமைச் சட்டங்களின் கண்ணுக்கு அவர் புலப்படுவதில்லை.

இவ்விடத்தில் தமிழும் கன்னடமும் ஒன்றுபடும் கூறு ஒன்று கவனத்துக்குரியது. ஆங்கிலத்தில் பால் காட்டாத ஒருமைப் பெயருக்காகப் பெரும் சச்சரவு நடக்கிறது. இங்கே ‘அவர்’, ‘அவரு’ இரண்டும் முன்னரே அப்பணியைச் செய்கின்றன. ஆனால் மரியாதைக்கு உரியவர் எனக் கருதப்படுவோர்க்கு மட்டும். விருது பெற்றவரை நாளிதழ் ‘அவர்’ என்கிறது. அதே ஊர்ப் பேருந்து நிலையத்தில் கைநீட்டும் மற்றொரு ஜோகதி ‘அவன்’ ஆகிறார், சில வேளை ‘அது’வும் ஆகிறார். பாலினச் சிக்கலெனத் தோன்றுவது இம்மொழிகளில் பெரும்பாலும் மரியாதைச் சிக்கலே.

தெய்வத்துக்கு நேர்ந்துவிடும் மரபைக் கொண்டாடலாமா என்ற எதிர்ப்பு நேர்மையானது. பெண்களை அவ்வாறு நேர்ந்துவிடுவதைக் கர்நாடகம் 1982இலேயே சட்டத்தால் தடைசெய்தது. எல்லம்மா மரபு மாற்றுப்பாலினத்தவர்க்கு இடமளித்தது உண்மை; அதற்கு ஈடாக வீட்டையும் கல்வியையும் வேறு தொழிலையும் பறித்துக்கொண்டதும் உண்மை. மஞ்சம்மாவைச் சான்றாகக் காட்டி அம்மரபை விடுதலையின் வடிவம் என எழுதுவோர், அவர் அருந்திய நஞ்சை மறந்துவிடுகின்றனர்.

2016இல் மும்பையில் தேநீர் நிறுவனம் ஒன்றின் பெயரைத் தாங்கி உருவான ‘சிக்ஸ் பேக் பேண்ட்’, இந்தியாவின் முதல் மாற்றுப்பாலினப் பாப் குழுவாக விளம்பரப்படுத்தப்பட்டது. கான் நகரில் விளம்பரத் துறைக்கான உயரிய பரிசும் அவ்வாண்டே கிட்டியது. அக்குழுவினரின் திறமையில் ஐயமில்லை. எனினும் பரிசு விளம்பரத்துக்கு உரியது. மஞ்சம்மாவுக்கும் இவ்வாறொன்று நேர்ந்தது. 2021 நவம்பரில் குடியரசுத் தலைவரிடம் விருது பெறுமுன் முந்தானையால் அவருக்குத் திருஷ்டி கழித்த சில நொடிகள் நாடெங்கும் பரவின. பல்லாண்டு ஆட்டம் அந்தச் சில நொடிகளாகச் சுருங்கியது.

அருண் ஜோளதகூட்லிகி கன்னடத்தில் எழுதிய அவரது வாழ்க்கை வரலாற்றின் பெயர் ‘நடுவெ சுளிவ ஹெண்ணு’, அதாவது இடையே உலவும் பெண். தாசிமய்யரின் வசனமொன்றை நினைவூட்டும் தலைப்பு. அதிலுள்ள ‘சுளி’ தமிழின் ‘சுழி’க்கு உறவுடையது. பெங்களூரின் இசை குறித்து ஆய்வேடு எழுதுவோர், மேற்கத்திய ராக் பாடகியரின் தன்வரலாறுகளுக்கு அருகே இந்நூலையும் வைத்துப் படிக்கலாம். அகாதமியின் அலுவலகமும் அவர்களது நகரில்தான், ஜே.சி. சாலையில், இருக்கிறது.