வெள்ளத்தைக் கடக்கும் வண்டி: வீட்டுக்கா, ஊருக்கா?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னும் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்றது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 48 செ.மீ., விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 செ.மீ. மழை கொட்டியது. புதுச்சேரி கிருஷ்ணா நகரில் சிக்கிய மக்களை மீட்க ராணுவம் வரவேண்டியிருந்தது. அடுத்த இரு நாள்களில் தென்பெண்ணை பெருக்கெடுத்து, அரசூர் அருகே சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் போக்குவரத்து நின்றது.

அந்த மழைக்குப் பிறகு, நான் வசிக்கும் இரும்பையிலும் சுற்றுவட்டாரத்திலும் வசதியுள்ளவர்களிடையே ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. உயரமான நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றை வாங்கி, அதில் ‘ஸ்நார்கெல்’ எனப்படும் உயர்ந்த காற்றுக்குழாயைப் பொருத்திவிட்டால் அடுத்த புயலுக்கு அஞ்சவேண்டியதில்லை என்பதே அது. மழைக்காலம்தோறும் தரைப்பாலங்கள் மூழ்கும் ஊர்களில் இந்த எண்ணம் எழுவது இயல்பே. ஆனால், வண்டியை ஆழமான நீருக்குத் தயார்ப்படுத்துவது என்பது உண்மையில் எதைக் காக்கிறது, எதைக் காப்பதில்லை என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அதை அறிந்தால், இந்த ஏற்பாடு தனிமனிதரின் வீட்டு வாசலில் இருப்பதைவிட ஊரின் பொதுச் சொத்தாக இருக்கவேண்டியது ஏன் என்பதும் விளங்கும்.

நீர் நுழையும் வழிகள்: எஞ்சின் காற்றை உள்ளிழுத்து இயங்குவது. பெரும்பாலான கார்களில் காற்றை இழுக்கும் வாய் முகப்பு விளக்கின் உயரத்தை ஒட்டியே இருக்கிறது. நீர் அந்த அளவை எட்டினால் காற்றுடன் நீரும் சிலிண்டருக்குள் செல்லும். டீசல் எஞ்சினில் பிஸ்டன் காற்றைப் பதினாறில் ஒரு பங்கு அளவுக்கு அழுத்துகிறது; நீரை அப்படி அழுத்த முடியாது. மேலே எழும் பிஸ்டன் நீரில் மோதி நிற்க, அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைகிறது அல்லது உடைகிறது. நீரில் நின்றுபோன காரை மீண்டும் ‘ஸ்டார்ட்’ செய்ய முயலக்கூடாது என்று மெக்கானிக்குகள் தலையில் அடித்துக்கொண்டு சொல்வது இதனால்தான்.

காற்றிழுக்கும் வாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுசெல்வதே ஸ்நார்கெலின் பணி. அது மட்டும் போதாது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியலும் கியர்பாக்ஸும் திடீரெனக் குளிர்ந்த நீரில் மூழ்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்ப, அவற்றின் சிறு சுவாசத் துளைகள் வழியே நீர் உறிஞ்சப்படுகிறது. எண்ணெய் பால்போல வெளுத்து, சில நாள்களில் பல்சக்கரங்கள் தேயத் தொடங்கும். எனவே, அந்தத் துளைகளிலிருந்து குழாய்களை எஞ்சின் அறையின் மேற்பகுதி வரை நீட்ட வேண்டும். மின் இணைப்புகளை நீர்புகாதபடி காக்க வேண்டும். நீர் விசிறியில் படாதிருக்க வண்டியின் முகப்பில் தார்ப்பாய் கட்டுவது பழைய ஓட்டுநர்கள் அறிந்த உத்தி. நீருக்குள் சீரான குறைந்த வேகத்தில், கியர் மாற்றாமல் செல்வதும் அதே அனுபவத்தின் பாடம்.

எங்கள் கடற்கரைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வானூர், மரக்காணம் பகுதி ஏரிகள் பலவற்றின் உபரி நீர் கழுவெளியில் இறங்கிக் கழிமுகம் வழியாகக் கடலைச் சேர்கிறது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற இந்தச் சதுப்பு நிலத்தையும் மரக்காணம் உப்பளங்களையும் தொட்டுத் தேங்கும் நீர் வெறும் மழைநீர் அல்ல, உப்பு கலந்தது. அதில் இறங்கிய வண்டியை உடனே நன்னீரால் அடிப்பாகம் வரை கழுவி, பேரிங்குகளுக்குப் புது கிரீஸ் இடாவிட்டால் துரு அதைத் தின்றுவிடும். மின்சாரக் கார்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். 2022-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவை இயான் புயல் தாக்கியபோது, கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில, நீர் வடிந்த பிறகு தீப்பற்றின.

மிதக்கும் ஆபத்து: இவ்வளவும் செய்தால் காக்கப்படுவது எஞ்சின்தான், ஓட்டுபவர் அல்ல. ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 4 மீட்டர் நீளமும் 1.7 மீட்டர் அகலமும் உள்ள கார் ஏறத்தாழ 6.8 சதுர மீட்டர் பரப்பை அடைக்கிறது. அதன் அடித்தளத்துக்கு மேல் 22 செ.மீ. உயரத்துக்கு நீர் ஏறினால், உள்ளே நீர் புகாதவரை அது விலக்கும் நீரின் எடை சுமார் 1.5 டன். காரின் எடையும் ஏறத்தாழ அவ்வளவுதான். அதாவது, சக்கரங்கள் சாலையைப் பற்றும் பிடி கிட்டத்தட்ட முழுவதும் போய்விடுகிறது. நீர்புகாமல் கதவுகளை எவ்வளவு இறுக்கமாக அடைக்கிறோமோ அவ்வளவு எளிதில் வண்டி படகாகிறது. துடுப்பும் சுக்கானும் இல்லாத படகு!

ஓடும் நீர் 30 செ.மீ. இருந்தாலே சிறு கார்கள் மிதக்கக்கூடும், 60 செ.மீ. இருந்தால் எஸ்யூவி உள்ளிட்ட பெரும்பாலான வண்டிகள் அடித்துச் செல்லப்படும் என்பது அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் எச்சரிக்கை. நம் சந்தையில் கிடைக்கும் வண்டிகளில் தார் 650 மி.மீ., கூர்க்கா 700 மி.மீ., டிஃபெண்டர் 900 மி.மீ. ஆழம்வரை கடக்கும் என்று நிறுவனங்கள் அறிவித்துள்ளன. இவை எந்த வெள்ளத்தையும் கடப்பதற்கான உறுதிமொழிகள் அல்ல. நீரின் வேகமும் அடியில் இருக்கும் தரையும் அந்த எண்ணுக்குள் அடங்குவதில்லை. கலங்கிய நீருக்கடியில் தரைப்பாலத்தின் ஓரம் அரிக்கப்பட்டிருக்கிறதா என்பதை எந்தக் குழாயும் காட்டாது.

2024 செப்டம்பரில் ஃபரிதாபாத்தில் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் எஸ்யூவி ஒன்று மூழ்கி, அதில் சென்ற வங்கி ஊழியர்கள் இருவர் உயிரிழந்தனர். ஃபெஞ்சல் மழையின்போது ஊத்தங்கரையில் சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிச் சென்றதை நாடே பார்த்தது. ஸ்நார்கெல் பொருத்திய வண்டிகள் வெகுவாகப் புழங்கும் ஆஸ்திரேலியாவிலேயே, வெள்ளம் சூழ்ந்த சாலையை மறந்துவிடுங்கள் என்றுதான் குயின்ஸ்லாந்து அரசு பல ஆண்டுகளாகப் பிரச்சாரம் செய்துவருகிறது.

சட்டமும் காப்பீடும் தனிமனித ஏற்பாட்டுக்கு ஆதரவாக இல்லை. நிறுவனம் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தருவது வேறு. நாமாக மாற்றுவது வேறு. உற்பத்தியாளரின் மூல வடிவத்திலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. வழக்கமான காப்பீட்டில் நீர் புகுந்து எஞ்சின் உடைவது பெரும்பாலும் சேராது. அதற்குத் தனியாக எஞ்சின் பாதுகாப்புச் சேர்க்கை எடுத்திருக்க வேண்டும்.

டிராக்டர் சொல்லும் பாடம்: ஒவ்வொரு வெள்ளத்திலும் நம் ஊர்களில் மக்களை ஏற்றிச் செல்வது டிராக்டர்தான். 2022 செப்டம்பரில் பெங்களூரு மூழ்கியபோது தகவல் தொழில்நுட்ப ஊழியர்களை அலுவலகத்துக்குக் கொண்டுசேர்த்ததும் அதுவே. இதில் வியப்பில்லை. டிராக்டரின் காற்றிழுக்கும் வாயும் புகைபோக்கியும் பல மாடல்களில் இயல்பாகவே எஞ்சின் மூடிக்கு மேலே நிற்கின்றன. மூடிய உடற்கூடு இல்லாததால் நீர் அதன் ஊடாகவே ஓடிவிடுகிறது. பின்சக்கர டயர்களில் எடைக்காக நீர் நிரப்பும் வழக்கமும் உண்டு. சேற்று வயலுக்காக வடிவமைக்கப்பட்ட ஒன்று, வெள்ளத்துக்கும் ஓரளவு பொருந்திப்போகிறது.

ஆனால், பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணையோ, டயாலிசிஸ் நாள் தவறிய முதியவரையோ திறந்த டிரெய்லரில் கொட்டும் மழையில் படுக்கவைத்துக் கொண்டுசெல்வதை ஒரு ஏற்பாடு என்று சொல்ல முடியுமா? அது கைவிடப்பட்டவர்களின் சமாளிப்பு. தரை உயரம் குறைந்த வேன் வகை ஆம்புலன்ஸ் மூழ்கிய தரைப்பாலத்தின் முன் நின்றுவிடுகிறது. தேசியப் பேரிடர் மீட்புப் படை அரக்கோணத்திலிருந்து வரவேண்டும். இந்த இடைவெளியில்தான் உயிர்கள் ஊசலாடுகின்றன.

செய்ய வேண்டியவை கைக்கெட்டாதவை அல்ல. முதலாவதாக, வானூர், மரக்காணம் போன்ற ஒவ்வொரு கடலோர வட்டத்திலும், உயர்ந்த அடித்தளம் கொண்ட லாரி வகை மீட்பு வாகனம் ஒன்றாவது, மேலே சொன்ன எல்லாப் பாதுகாப்புகளுடனும், படுக்கை, பிராணவாயு, இழுவைக் கயிறு, உயிர்காப்பு மேலாடைகளுடனும் நிறுத்தப்பட வேண்டும். இரண்டாவதாக, அதற்குரிய ஓட்டுநரும் உதவியாளரும் செப்டம்பருக்குள் ஏரிக்கரைகளில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். எங்கே இறங்கக்கூடாது என்பதே அந்தப் பயிற்சியின் முதல் பாடமாக அமைய வேண்டும். மூன்றாவதாக, பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் 65-ஆவது பிரிவு மீட்புப் பணிக்குத் தனியார் வாகனங்களைக் கோரிப் பெறும் அதிகாரத்தை அளிக்கிறது. அடுத்த பிரிவு அதற்கான இழப்பீட்டைப் பேசுகிறது. புயல் வந்த பிறகு ஆளைத் தேடாமல், ஊராட்சிதோறும் டிராக்டர் உரிமையாளர்களை முன்பே பதிவுசெய்து, கூலியையும் டீசலையும் பழுதுச் செலவையும் உறுதிசெய்யலாம்.

நான்காவது, எல்லாவற்றிலும் மலிவானது. தரைப்பாலங்களின் இரு முனைகளிலும் நீரின் ஆழத்தைக் காட்டும் அளவுக் கம்பங்களை நட்டு, எந்தக் கோட்டுக்கு மேல் எவரும் இறங்கக்கூடாது என்று சிவப்பு வண்ணம் தீட்ட வேண்டும். சில கம்பங்களும் ஒரு வாளி வண்ணமும், விலையுயர்ந்த எந்த ஸ்நார்கெலையும்விட அதிக உயிர்களைக் காக்கும்.

வண்டி வாங்கும் உரிமையும் அதன் மீதான ஆர்வமும் அவரவருக்கு உரியவை. ஆனால், வெள்ளத்தைக் கடக்கும் திறன் கையில் காசுள்ளவரின் வாசலில் மட்டும் நிற்குமானால், உப்பளத் தொழிலாளியின் குடிசைக்கு அது ஒருபோதும் வந்துசேராது. 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என்று இந்தக் கரை கண்ட புயல்கள் பல. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, வட்டத்துக்கு ஒரு வண்டி, பாலத்துக்கு இரு கம்பங்கள் என்பதிலிருந்தாவது அரசு தொடங்கட்டும்.