ஊருக்கெல்லாம் பாட்டு, உள்ளூர்ப் பசங்களுக்குப் பூட்டு

1991-ல நிர்வானாவோட 'நெவர்மைண்ட்' வந்தப்போ, உலகமே அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தைத் திரும்பிப் பார்த்துச்சு. அந்த ஊர்ப் பசங்க நிலைமை?

1985-லேயே அங்க ஒரு நகராட்சிச் சட்டம். 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களைச் சேர்த்து ஆட்டபாட்டம் நடத்தணும்னா 10 லட்சம் டாலருக்குக் காப்பீடு, காவலுக்குப் போலீஸ்காரங்க, இன்னும் என்னென்னவோ. சின்ன அரங்கு நடத்துறவர் எங்கே போவார்? பசங்களுக்குக் கதவைச் சாத்திட்டார்.

ஒரு கிளப் மேல வந்த மோசமான புகார்கள்தான் ஆரம்பமாம். பெத்தவங்க பயம் நியாயம்தான், இல்லேங்கலை. அதுக்காக எல்லாக் கதவையுமா மூடறது?

ஒருவழியா 2002-ல சட்டத்தை மாத்தினாங்க. 1985-ல 15 வயசுப் பையனுக்கு அப்போ 32! போன வயசை எந்த நகராட்சி திருப்பித் தரும்?

தப்பு செஞ்ச இடத்தைப் பூட்டுங்க சாமி, பாட்டை விட்டுடுங்க. நீங்க என்ன சொல்றீங்க மக்களே?