மெடிசின் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதா?



ஏ/எல் ரிசல்ட் வந்தால் எங்கள் ஊரில் ஒரே கேள்விதான்: "மெடிசின் கிடைக்குமா?" கிடைக்காது என்று தெரிந்தால் அந்த வீடு மையத்து வீடு மாதிரி ஆகிவிடும். உயிரியல் விஞ்ஞானத்துக்கு கெம்பஸ் கிடைத்தாலும், "பிஎஸ்சி செஞ்சு என்னத்துக்கு? தேர்ட் ஷை எடு" என்று பிள்ளையைத் திரும்பவும் டியூஷனுக்கு அனுப்புகிறோம்.

புற்றுநோய்க்கு டொக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்தை உண்டாக்குவது யார் என்று யோசித்திருக்கிறோமா? பெரும்பாலும் இரசாயனவியலும் உயிரியலும் படித்த ஆய்வாளர்கள்.

ஒரு உதாரணம். எங்கள் கலங்களில் கே-ராஸ் என்றொரு புரதம் இருக்கிறது. "பெருகு" என்ற சமிக்ஞையைக் கடத்தும் சுவிட்ச் அது. பரம்பரை அலகில் ஒரு சிறு பிழை வந்தால் அந்த சுவிட்ச் ஓஃப் ஆகாமலே நிற்கும். கலம் கட்டுப்பாடில்லாமல் பெருகும். இது 1980களிலேயே தெரியும். ஆனால் மருந்து மூலக்கூறு பிடித்து நிற்பதற்கு அந்தப் புரதத்தில் வசதியான ஒரு பள்ளம் இல்லை. "இதை மருந்தால் தொட முடியாது" என்றே சுமார் 30 வருடங்கள் பேசப்பட்டது.

2013இல் கலிபோர்னியாவில் கெவன் ஷோகாட் என்ற இரசாயனவியலாளரின் ஆய்வுகூடம் வழி கண்டது. பிழையான புரதத்தின் ஒரு வகையில் 12ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதிலாக சிஸ்டீன் இருக்கிறது. அந்த சிஸ்டீனிலேயே கொளுவிக்கொள்ளும் மூலக்கூறுகளைச் செய்தார்கள். நல்ல கே-ராஸில் அந்த இடத்தில் சிஸ்டீன் இல்லை. அதனால் அதை விட்டுவிடும். இதே வழியில் உருவான சோடோராசிப் என்ற மருந்துக்கு 2021 மே மாதம், ஒரு வகை நுரையீரல் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இது நோயை முற்றாகத் தீர்க்கும் மருந்தல்ல. பலருக்குச் சில மாதங்களில் புற்றுநோய் வேறு பாதை தேடிக்கொள்கிறது. அந்தப் பாதையையும் அடைக்க இன்னும் ஆட்கள் தேவை.

இப்படியான ஆய்வுகூடங்களில் இரவு பகலாக நிற்பவர்கள் பிஎச்டி மாணவர்களும், பிஎச்டி முடித்து ஒப்பந்தத்தில் வேலை செய்யும் இளம் ஆய்வாளர்களும்தான். சம்பளம் பெரிதல்ல. செய்யும் மூலக்கூறுகளில் அதிகமானவை தோற்றுப்போகும். இலேசான பாதை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தோல்விப் பாதையும் அல்ல.

கொழும்புப் பல்கலைக்கழகத்திலேயே உயிர்இரசாயனம், மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழினுட்பம் ஆகியவற்றுக்கென்று ஒரு நிறுவகம் இருக்கிறது. பட்டம் முடித்த பிள்ளைக்கு ஆய்வின் வாசல் இந்த நாட்டிலேயே திறந்திருக்கிறது. அப்படி ஒரு வாசல் இருப்பதை எத்தனை வீடுகளில் பேசியிருக்கிறோம்?

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். தேர்ட் ஷைக்கு முன் பிள்ளையை உட்காரவைத்து, "உனக்கு எது விருப்பம்?" என்று ஒரு தடவை கேளுங்கள். கெம்பஸ் கிடைத்த பிள்ளையை, ஃபெயிலான பிள்ளை மாதிரி ஊருக்குள் தலைகுனிந்து நடக்க வைக்காதீர்கள்.